ரோல் இருந்தும் கில் வேலை செய்யவில்லையா? ஷெல்லின் பில்ட்-இன் கட்டளைகளைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

உங்களுக்கு ஒரு ரோல் (குறிப்பிட்ட நிர்வாக வேலைகளுக்கான தனிக் கணக்கு) கொடுத்திருக்கிறார்கள். அதில் ப்ராசஸ் மேனேஜ்மென்ட் ப்ரொஃபைலும் (எந்தக் கட்டளைக்கு என்ன உரிமை என்ற பட்டியல்) இருக்கிறது. ப்ரொஃபைல்ஸ் -எல் என்று அடித்துப் பார்த்தால் கில் கட்டளை பட்டியலில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வேறொரு பயனரின் பெயரில் ஓடி, நடுவில் தொங்கிப்போன ஒரு ப்ராசஸை நிறுத்தலாம் என்று கில் அடித்து எண்ணைக் கொடுத்தால் அனுமதி இல்லை என்று பதில் வருகிறது. அட்மினைக் கேட்டால் "நான் எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன்" என்பார். அவர் போட்டதும் சரி, நீங்கள் அடித்ததும் சரி. இடையில், நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்தான் ஒரு குறுக்கு வழியில் போய்விட்டது.

இந்தக் கட்டுரை முக்கியமாக சொலாரிஸ், அதிலிருந்து கிளைத்த இல்லுமோஸ் வகைச் சிஸ்டம்களில் ரோலுடன் வேலை செய்யத் தொடங்குபவர்களுக்கு. ஒரு கட்டளையை வேறொரு பயனரின் உரிமையோடு ஓட்ட விடும் சூடோ, டூஆஸ் பயன்படுத்துபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் தட்ட வேண்டும் (ஹைஃபனுக்குப் பின் பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் மட்டும் சொல்லிவிடுகிறேன்).

உரிமை எந்த நொடியில் வந்து சேர்கிறது?

இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

யூனிக்ஸில் பழைய ஏற்பாடு எல்லாம் அல்லது ஒன்றுமில்லை: ரூட்டாக இருந்தால் எதையும் செய்யலாம், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். 2000 இல் வந்த சொலாரிஸ் 8 இதை மாற்றி ரோல், ரைட்ஸ் ப்ரொஃபைல் என்ற முறையைக் கொண்டுவந்தது. 2005 இல் சொலாரிஸ் 10 இன்னும் கீழே இறங்கி, ரூட்டின் அதிகாரத்தையே ப்ரிவிலேஜ் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தது. பிறருடைய ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்ப ப்ராக்_ஓனர் என்று ஒரு துண்டு, ஃபைல் அனுமதியை மீறி எழுத இன்னொரு துண்டு, இப்படி.

இந்த அதிகாரம் ஆளுக்கு ஒட்டிக்கொள்வதில்லை, கட்டளைக்குத்தான் ஒட்டுகிறது என்பதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். /ஈடிசி/செக்யூரிட்டி/எக்ஸெக்_ஆட்ர் என்ற ஃபைலில் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு களங்களாக ஒவ்வொரு வரியும் இருக்கும். எந்தப் ப்ரொஃபைல், எந்த ஃபைல், அதற்கு என்ன உரிமை என்று அந்த வரி சொல்லும். அங்கே எழுதியிருப்பது கில் என்ற வெறும் பெயர் இல்லை, /யூஎஸ்ஆர்/பின்/கில் என்ற முழுப் பாதை. அதாவது டிஸ்க்கில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட ப்ரோக்ராமை எக்ஸெக் செய்யும் (ஏற்றி ஓட்டும்) நொடியில், ஓட்டுபவரின் ப்ரொஃபைலைப் பார்த்து உரிமை சேர்க்கப்படுகிறது.

பில்ட்-இன் என்பது ஷெல்லுக்குள்ளேயே எழுதப்பட்ட கட்டளை. அதை ஓட்டப் புதிய ப்ராசஸ் பிறப்பதில்லை, டிஸ்க்கிலிருந்து எதுவும் ஏறுவதில்லை, எக்ஸெக் நடப்பதே இல்லை. வாசலில் காவலாளி உள்ளே வருபவர்களுக்கு மட்டும் பாஸ் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் எப்படிக் கொடுப்பார்? பிஎஃப்எஸ்ஹெச், பிஎஃப்கேஎஸ்ஹெச், பிஎஃப்பாஷ் போன்ற ப்ரொஃபைல் ஷெல்களின் கதை இதுதான். வெளியே இருக்கும் ப்ரோக்ராமைக் கூப்பிடும்போது உரிமையோடு ஓட்டும். தன் வயிற்றுக்குள் இருக்கும் கட்டளையைத் தன் சொந்த, சாதாரண உரிமையோடு ஓட்டும். நீங்கள் வெறுமனே கில் என்று அடித்தபோது நடந்தது இரண்டாவது. சந்தேகம் வரும்போதெல்லாம் "இங்கே எக்ஸெக் நடக்கிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

முதல் வேலை: எது பில்ட்-இன் என்று கண்டுபிடியுங்கள்

டைப் என்ற கட்டளைதான் நம்பகமானது.

டைப் கில்

பில்ட்-இன் என்றால் அது ஷெல் பில்ட்-இன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். பாஷில் -ஏ சேர்த்தால் அதே பெயரில் இருக்கும் எல்லாவற்றையும், அதாவது ஏலியாஸ், ஃபங்ஷன், பில்ட்-இன், டிஸ்க்கில் உள்ள ஃபைல் என வரிசையாகக் காட்டும். கார்ன் ஷெல்லில் வென்ஸ் -வி அதே வேலையைச் செய்யும். ஸ்க்ரிப்டுக்குள் சோதிக்க வேண்டுமானால் கமாண்ட் -வி நல்லது: ஃபைல் என்றால் முழுப் பாதை வரும், பில்ட்-இன் என்றால் வெறும் பெயர் மட்டும் வரும்.

விச் கட்டளையை இதற்கு நம்பாதீர்கள். பெரும்பாலான ஷெல்களில் அது ஒரு தனி ப்ரோக்ராம். பாத் மாறியை (கட்டளைகளைத் தேட வேண்டிய டைரக்டரிகளின் பட்டியல்) பார்த்து /யூஎஸ்ஆர்/பின்/கில் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உங்கள் ஷெல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. "விச் சரியான பாதையைத்தானே காட்டுது" என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

எக்கோ, ப்ரின்ட்எஃப், பிடபிள்யூடி போன்றவையும் பில்ட்-இன்கள்தான், ஆனால் அவற்றுக்குப் பொதுவாக எந்த உரிமையும் தேவையில்லை, விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியவை கில், டெஸ்ட், சிடி, யூமாஸ்க் (புதிய ஃபைல்களின் அனுமதி), யூலிமிட் (ப்ராசஸின் வள வரம்பு), பிறகு ஒரு ஃபைலைப் படித்து ஓட்டும் அந்த ஒற்றைப் புள்ளிக் கட்டளை.

கில் போன்றவற்றுக்கு: முழுப் பாதை

டிஸ்க்கில் இரட்டைப் பிறவி உள்ள கட்டளைகளுக்குத் தீர்வு எளிது. ஸ்லாஷ் சேர்த்து அடித்தால் ஷெல் தன் பில்ட்-இன் பட்டியலைத் தேடாமல் நேராக அந்த ஃபைலை எக்ஸெக் செய்யும்:

/யூஎஸ்ஆர்/பின்/கில் -டெர்ம் 4312

(டெர்ம் பெரிய எழுத்துகளில்.) ப்ரொஃபைலில் எந்தப் பாதை எழுதியிருக்கிறதோ அதையே அடியுங்கள், வேறு பாதையில் முயன்று பார்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அல்லது பிஎஃப்எக்ஸெக் கில் 4312 என்று அடிக்கலாம். பிஎஃப்எக்ஸெக், கொடுத்த கட்டளையை ப்ரொஃபைலின் உரிமையோடு ஓட்டும் ஒரு வெளி ப்ரோக்ராம் என்பதால் கில் என்பது அதற்கு வெறும் ஒரு சொல், பாத் மாறியில் தேடி டிஸ்க்கில் இருப்பதைத்தான் ஓட்டும். நீங்கள் சாதாரண பாஷில் இருந்தாலும் இது நடக்கும். சூடோ கில் பிரச்சினையில்லாமல் ஓடுவதும் இதே காரணத்தால்தான்.

இங்கே சில போலி வழிகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தேடினால் முதலில் கிடைப்பவை அவைதான். முன்னால் பின்சாய்வுக்கோடு போட்டு அடிப்பது ஏலியாஸை மட்டும் தவிர்க்கும், பில்ட்-இன்னைத் தவிர்க்காது. கமாண்ட் கில் என்பது ஃபங்ஷனைத் தவிர்க்கும், பில்ட்-இன் அப்படியே ஓடும். என்வ் கில் என்றால் வெளி ப்ரோக்ராம்தான் ஓடும், உண்மை. ஆனால் சொலாரிஸ் 10 இல் ப்ரொஃபைல் ஷெல் பார்ப்பது என்வ் கட்டளையை மட்டுமே, அதற்குப் ப்ரொஃபைலில் உரிமை இல்லாததால் அது அடுத்து எக்ஸெக் செய்யும் கில்லுக்கும் ஒன்றும் கிடைக்காது. சொலாரிஸ் 11 இல் இந்தச் சோதனை கெர்னலுக்குள்ளேயே போய், ப்ராசஸில் ஒரு கொடியாக மாறி, குழந்தை ப்ராசஸ்களுக்கும் கடத்தப்படுகிறது. அதனால் அங்கே நிலைமை வேறு. இரண்டு பதிப்புகளிலும் ஒரே மாதிரி நடப்பது முழுப் பாதைதான், அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பாஷில் இனேபிள் -என் கில் என்று அடித்தால் அந்த பில்ட்-இன்னையே அணைத்துவிடலாம், பிறகு வெறும் கில் என்றாலும் டிஸ்க்கில் உள்ளதுதான் ஓடும். அல்லது ரோலின் ப்ரொஃபைல் ஃபைலில் கில் என்பதற்கு முழுப் பாதையை ஏலியாஸாக வைக்கலாம். எனக்கு ஏலியாஸ் அவ்வளவாகப் பிடிப்பதில்லை: கையால் அடிக்கும்போது வேலை செய்யும், பாஷ் ஸ்க்ரிப்டுக்குள் ஏலியாஸ் வழக்கமாக விரியாது, அப்போது பழைய பிரச்சினை புது வேஷத்தில் வரும்.

வெளி கில்லுக்கு ஒரு குறை உண்டு. %1 போன்ற ஜாப் எண்கள் ஷெல்லின் சொந்தக் கணக்கு, வெளியே இருக்கும் ப்ரோக்ராமுக்கு அது தெரியாது. ஜாப்ஸ் -எல் அடித்து ப்ராசஸ் எண்ணை எடுத்துக் கொடுங்கள். உங்கள் சொந்த ஜாபைக் கொல்ல உரிமையே தேவையில்லை என்பதால் அதற்கு பில்ட்-இன்னே போதும்.

சிடி, யூமாஸ்க், யூலிமிட்: இங்கே முழுப் பாதை உதவாது

சூடோ சிடி என்று அடித்துப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். புதிய சூடோ பதிப்புகள் கொஞ்சம் கருணையோடு, இது ஷெல் பில்ட்-இன், நேரடியாக ஓட்ட முடியாது என்று விளக்கம் தருகின்றன. சொலாரிஸில் நிலைமை இதைவிட வேடிக்கையானது. அங்கே /யூஎஸ்ஆர்/பின்/சிடி என்று ஒரு ஃபைல் உண்மையிலேயே இருக்கிறது, போசிக்ஸ் தரநிலை கேட்கிறது என்பதற்காக. அதை ஓட்டினால் எந்தப் பிழையும் வராது. புதிதாகப் பிறந்த ப்ராசஸ் அந்த டைரக்டரிக்குள் போகும், உடனே செத்துப்போகும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

காரணம், இந்தக் கட்டளைகளின் வேலையே ஷெல்லின் சொந்த நிலையை மாற்றுவது. குழந்தை ப்ராசஸ் எவ்வளவு உரிமையோடு இருந்தாலும் தாய் ஷெல்லின் டைரக்டரியை மாற்ற முடியாது. எனவே இங்கே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: அந்த டைரக்டரிக்குள் நான் போயே ஆக வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்க்க எல்எஸ் கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் போதும். டார் கட்டளையில் -சி (பெரிய எழுத்து) இருக்கிறது, அதுவே அங்கே போய்க்கொள்ளும். சூடோ 1.9.3 முதல் -டி (இதுவும் பெரிய எழுத்து) என்று வேலை டைரக்டரியைக் கொடுக்கலாம், ஆனால் சூடோயர்ஸ் ஃபைலில் அட்மின் அதற்கு அனுமதி தந்திருக்க வேண்டும்.

யூலிமிட்டும் அப்படியே. சாஃப்ட் லிமிட்டை (இப்போது அமலில் உள்ள வரம்பு) ஹார்ட் லிமிட் (அதன் உச்ச வரம்பு) வரை உயர்த்த உரிமை வேண்டாம், பில்ட்-இன் போதும். ஹார்ட் லிமிட்டையே உயர்த்த உரிமை வேண்டும், அந்த உரிமை உங்கள் ஷெல்லிடம் இல்லை. அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து வெளியிலிருந்து மாற்றும் கட்டளைகள் உண்டு: சொலாரிஸில் பிலிமிட், லினக்ஸில் பிஆர்லிமிட். இவை தனி ப்ரோக்ராம்கள் என்பதால் ப்ரொஃபைலில் சேர்க்கலாம், உங்கள் ஷெல்லின் எண்ணையே கொடுத்து ஓட்டலாம்.

சத்தமில்லாமல் பொய் சொல்பவை

இதுவரை பார்த்தவை பிழையாவது காட்டின, அல்லது ஒன்றும் நடக்காமல் இருந்தன. டெஸ்ட் கட்டளை அப்படி இல்லை. ஸ்க்ரிப்ட் எழுதுபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ரூட் மட்டுமே நுழையக்கூடிய ஒரு டைரக்டரிக்குள் லாக் ஃபைல் இருக்கிறதா என்று சதுர அடைப்பும் -எஃபும் போட்டுச் சோதிக்கிறீர்கள். அந்தச் சதுர அடைப்பு, டெஸ்ட் கட்டளையின் இன்னொரு பெயர், பில்ட்-இன். உங்கள் ஷெல்லுக்கு அந்த டைரக்டரிக்குள் எட்டிப் பார்க்க அனுமதி இல்லை. பதில் "பார்க்க முடியவில்லை" என்று வராது, "இல்லை" என்று வரும். பிழைச் செய்தியும் கிடையாது. ஸ்க்ரிப்ட் அதை நம்பி, லாக் இல்லை, யாரும் ஓடவில்லை என்று முடிவு செய்து, அடுத்த வரியில் முழு உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்டும். பாதி ஸ்க்ரிப்ட் குருடாகவும் பாதி அதிகாரத்தோடும் நடப்பது போல ஆபத்தான கலவை வேறில்லை.

கில் -0 என்பதும் இதே ரகம். ஒரு ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் பயன்படுத்துவது. பிறருடைய ப்ராசஸ் என்றால் பில்ட்-இன் கில் அனுமதி இல்லை என்று தோல்வியைத் திருப்பும். ப்ராசஸே இல்லையென்றாலும் தோல்விதான். பிழைச் செய்தியை எதையும் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பிவிட்டு வெளியேறும் மதிப்பை மட்டும் பார்க்கும் ஸ்க்ரிப்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, உயிரோடு இருக்கும் டேமனை (பின்னணியில் ஓடும் ப்ராசஸ்) செத்ததாக நினைத்து இன்னொன்றைக் கிளப்பிவிடும்.

என்ன செய்யலாம்? ப்ராசஸ் விஷயத்தில் பிஎஸ் -பி என்று எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது, சாதாரண அமைப்பில் அதற்கு உரிமை தேவைப்படுவதில்லை. ஃபைல் விஷயத்தில், /யூஎஸ்ஆர்/பின்/டெஸ்ட் கட்டளையை உரிய உரிமையோடு ப்ரொஃபைலில் சேர்க்கச் சொல்லி முழுப் பாதையில் கூப்பிடலாம். ஆனால் அதைவிட, முன்கூட்டிச் சோதிப்பதை விட்டுவிட்டு நேராகச் செய்ய வேண்டியதை உரிமையுள்ள கட்டளையால் செய்து அதன் வெளியேறும் மதிப்பைப் பார்ப்பது சுத்தமான வழி.

பில்ட்-இன் இல்லை, ஆனால் அதே வலி

எக்கோவின் வெளியீட்டை > போட்டு /ஈடிசிக்குள் ஒரு ஃபைலுக்குத் திருப்புகிறீர்கள், முன்னால் சூடோ அல்லது பிஎஃப்எக்ஸெக் இருக்கிறது. நடக்காது. அந்த > குறியைப் பார்த்து ஃபைலைத் திறப்பது ஷெல், அதுவும் கட்டளை பிறப்பதற்கு முன்பே. உரிமை எக்கோவுக்குக் கிடைத்தது, அதற்கு அது தேவையே இல்லை. தேவைப்பட்ட ஷெல்லுக்குக் கிடைக்கவில்லை. நட்சத்திரக் குறி விரிவதும் அப்படித்தான். உங்களால் படிக்க முடியாத டைரக்டரியில் நட்சத்திரம் போட்டால் ஷெல்லால் விரிக்க முடியாமல், பெரும்பாலான ஷெல்களில் அந்தக் குறியே எழுத்தாகக் கட்டளைக்குப் போய், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வரும். அங்கே ஃபைண்ட் கட்டளைக்கு உரிமை இருந்தால் அதைக் கொண்டு தேடுங்கள்.

எழுதுவதற்கு எல்லோரும் சொல்லும் வழி, பைப் போட்டு, வருவதை ஃபைலில் எழுதும் டீ கட்டளையை உரிமையோடு ஓட்டுவது:

எக்கோ புதியவரி | சூடோ டீ -ஏ /ஈடிசி/ஏதோஒரு.கான்ஃப்

அந்த -ஏ முக்கியம், அது இல்லாவிட்டால் பழைய உள்ளடக்கம் காலி. உங்களுக்கு ஏற்கெனவே முழு சூடோ இருந்தால் இது சரியான வழிதான். ஆனால் ரோல் அமைக்கும் அட்மின், ப்ரொஃபைலில் டீ கட்டளையை யூஐடி=0 (ரூட்டின் பயனர் எண்) என்று சேர்த்தால், சிஸ்டத்தின் எந்த ஃபைலையும் எழுதும் அதிகாரத்தைக் கொடுத்ததாகிவிடும். பாஸ்வேர்ட் ஃபைலும் அதில் சேர்த்தி. குறிப்பிட்ட ஃபைலை மட்டும் திருத்த விட வேண்டுமென்றால் சூடோவில் சூடோஎடிட் இருக்கிறது, சொலாரிஸ் 11.1 முதல் பிஎஃப்எடிட் இருக்கிறது. அவற்றைக் கேளுங்கள்.

ஸ்க்ரிப்ட் எழுதும்போது

ரோலுக்காக எழுதும் ஸ்க்ரிப்டின் முதல் வரியில் #! போட்டு /யூஎஸ்ஆர்/பின்/பிஎஃப்கேஎஸ்ஹெச் போன்ற ப்ரொஃபைல் ஷெல்லைக் குறிப்பிடுங்கள். சாதாரண ஷெல்லைக் குறிப்பிட்டால், குறிப்பாக சொலாரிஸ் 10 இல், உள்ளே இருக்கும் கட்டளைகளுக்கு உரிமை வராது, ரோலில் இருந்துகொண்டு ஓட்டினாலும்கூட. பிறகு உரிமை தேவைப்படும் ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதை எழுதுங்கள். படிக்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு எந்த வரி உரிமையோடு ஓடுகிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

சில வேலைகளுக்கு இது போதாது: சிடி செய்து, யூமாஸ்க் மாற்றி, > போட்டு எழுதி, எல்லாம் உரிமையோடு நடக்க வேண்டும். அப்போது அந்த வேலையை மட்டும் செய்யும் ஒரு சின்ன ஸ்க்ரிப்டை எழுதி, அந்த ஸ்க்ரிப்டையே ப்ரொஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரிப்டை ஓட்டும் ஷெல்லே உரிமையோடு பிறப்பதால் அதன் பில்ட்-இன்களும் உரிமையோடு ஓடும். இதில் ஒரு பொறி உண்டு. ஈயூஐடி=0 (செயல் யூஐடி) என்று மட்டும் கொடுத்தால், உண்மை யூஐடியும் செயல் யூஐடியும் வேறாக இருப்பதைப் பார்க்கும் பாஷ், -பி இல்லாமல் தொடங்கினால், பாதுகாப்புக்காகச் செயல் யூஐடியைக் கீழே இறக்கிவிடும். ஸ்க்ரிப்டுக்கு யூஐடி=0 கொடுப்பதே வழி, இல்லையென்றால் யூஐடியைத் தொடாமல் தேவையான ப்ரிவிலேஜ்களை மட்டும் கொடுக்கலாம். ஸ்க்ரிப்டின் தொடக்கத்தில் பாத் மாறியை நீங்களே நிர்ணயியுங்கள். அந்த ஃபைலையும் அது இருக்கும் டைரக்டரியையும் ரூட் தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி வையுங்கள், இது பேரத்துக்கு இடமில்லாதது.

"எதுக்கு இவ்வளவு? பாஷையே ப்ரொஃபைல்ல போட்டுட்டா போச்சு" என்று யாராவது சொல்வார்கள். போச்சுதான். யூஐடி=0 உடன் ஷெல்லைக் கொடுப்பது ரூட் பாஸ்வேர்டைக் கொடுப்பதற்குச் சமம், பிறகு ரோல் என்று ஒன்று இருந்து பயனில்லை. உள்ளிருந்து ஷெல்லுக்குத் தாவ விடும் விஐ போன்ற எடிட்டர்களுக்கும் இதே கதி.

இன்னும் நடக்கவில்லையென்றால்

சொலாரிஸில் பிபிரிவ் என்று ஒரு அருமையான கருவி இருக்கிறது, இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் வேலை செய்பவர்கள் உண்டு. பிபிரிவ் $$ என்றால் உங்கள் ஷெல்லிடம் இப்போது என்னென்ன ப்ரிவிலேஜ் இருக்கின்றன என்று காட்டும். பிபிரிவ் -டி $$ (டி பெரிய எழுத்து) என்றால் அந்த ஷெல்லுக்கு டீபக் வசதியை இயக்கிவிடும். அதன்பின் தோற்கும் கட்டளையை மறுபடி அடியுங்கள். எந்த ப்ரிவிலேஜ் இல்லாமல் எந்த சிஸ்டம் காலில் தடுக்கப்பட்டது என்று ஒரு வரி வரும்.

அந்த வரியின் முதல் சொல்லைக் கவனியுங்கள். தடுக்கப்பட்ட ப்ராசஸின் பெயர் அங்கே இருக்கும். கில் என்று இருந்தால் வெளி ப்ரோக்ராம்தான் ஓடியிருக்கிறது, ஆனால் அதற்குப் ப்ரொஃபைலில் உரிமை போதவில்லை, அட்மினிடம் அந்த வரியை அப்படியே காட்டுங்கள், எதைச் சேர்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பிஎஃப்கேஎஸ்ஹெச் என்றோ பிஎஃப்பாஷ் என்றோ இருந்தால் பில்ட்-இன் ஓடியிருக்கிறது, அல்லது > குறியில் மாட்டியிருக்கிறது. அட்மினைத் தொந்தரவு செய்ய வேண்டாம், முழுப் பாதையைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் பிபிரிவ் -என் $$ (என் பெரிய எழுத்து) என்று அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஷெல்லில் சின்னச் சின்ன மறுப்புக்கெல்லாம் திரை நிரம்பும்.